பி பிளாக்கில் படம் வரவில்லை

(நம்ம இணையக் கூட்டத்தில் பேசியது. கேட்க முடியாமல் போன தோழர்கள் எழுத்தில் கேட்டதால், பேசின மாதிரியே எழுதித் தருகிறேன். கூட்டத்தில் கேட்கப்பட்ட இரண்டு கேள்விகளை அந்தந்த இடத்திலேயே சேர்த்திருக்கிறேன்.)



தலைப்பைப் பார்த்துட்டு "இது என்ன கம்ப்யூட்டர் கிளாஸா?" என்று ஒரு தோழர் மெசேஜ் போட்டிருந்தார். ஆமா, பாதி கம்ப்யூட்டர் கிளாஸ்தான். கொஞ்சம் பொறுத்துக்குங்க.

நான் பிறந்தது அல் ஐன். பாஸ்போர்ட் இந்தியா, பேச்சு பட்டுக்கோட்டைப் பக்கம், இப்போ படிக்கிறது வேற ஒரு நாடு. அப்பா அங்கே ஒரு பராமரிப்பு கம்பெனியில் எலெக்ட்ரீஷியன். கம்பெனி பேரைச் சொல்லப் போறதில்லை. காரணம் உங்களுக்கே தெரியும்: அங்கே தொழிற்சங்கம் கிடையாது, வேலை போனால் விசாவும் போகும், அப்பா இன்னும் அங்கேதான் இருக்கார்.

போன கோடை லீவுக்குப் போயிருந்தேன். கம்பெனி ஆட்கள் தங்குற கேம்ப் சனாயா பக்கம். ஏ பிளாக், பி பிளாக் என்று இரண்டு கட்டிடம், நடுவில் ஒரு மணல் வெளி, அவ்வளவுதான். ஒவ்வொரு பிளாக்கிலும் எட்டு டிவி ரூம். ஒருநாள் சாயங்காலம் பி பிளாக் அண்ணன் ஒருத்தர் டீ குடிக்கும்போது அப்பாகிட்ட சாதாரணமா கேட்டார்: "அண்ணே, அந்தப் பன்னிரண்டரை மணி ரெஸ்ட் நமக்கும் உண்டா, இல்ல ஏ பிளாக் ஆளுங்களுக்கு மட்டுமா?"

விவரம் தெரியாதவங்களுக்குச் சொல்றேன். அமீரகத்தில் ஜூன் 15லிருந்து செப்டம்பர் 15 வரை, பகல் 12.30லிருந்து 3 மணி வரை நேர் வெயிலில் வேலை வாங்கக் கூடாது. சட்டமே இருக்கு, மீறினால் ஆளுக்கு 5,000 திர்ஹாம் அபராதம், அதிகபட்சம் 50,000. 20 வருஷமா இருக்கிற விதி. அல் ஐன் கடற்கரை ஊர் இல்லை, உள்நாடு, வெயில் 45 டிகிரியைத் தாண்டுறது அங்கே செய்தியே கிடையாது. அதனால் கோடை தொடங்கும்போதே ஒரு தமிழ் நர்ஸ் அக்காவைக் கூப்பிட்டு ஏ பிளாக் மெஸ்ஸில் பேச வெச்சிருந்தாங்க. வெயில் தாக்கினா முதலில் என்ன ஆகும், குழப்பமாகப் பேச ஆரம்பிச்சா ஏன் அது ஆபத்து, நினைவு இல்லாதவர் வாயில் தண்ணி ஊத்தாதீங்க, நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பைக் குளிர வைங்க, இந்த நேரத்துக்கு மேல உங்களை வெளியில் நிறுத்தக் கூடாது... எல்லாம் சொன்னார். ஒரு பழைய கம்ப்யூட்டரில் கேமரா மாட்டி, இரண்டு பிளாக் டிவிக்கும் நேரலை.

அதாவது, இரண்டு பிளாக்குக்கும் போச்சு என்று எல்லாரும் நினைச்சிருந்தாங்க. பி பிளாக்கில் எட்டு டிவியும் கறுப்பு. ஒருத்தர்கூட வந்து சொல்லலை. அப்பா ஏன்னு கேட்டதுக்கு அந்த அண்ணன் சொன்ன பதில்தான் என்னை இந்தப் பேச்சு வரைக்கும் கொண்டுவந்திருக்கு: "நமக்கு இல்ல போலன்னு நெனச்சோம்."

நான் படிக்கிறது நெட்வொர்க்கிங். லேப்டாப்பை எடுத்துக்கிட்டு அடுத்தநாள் போனேன்.

முதலில் மல்ட்டிகாஸ்ட்னா என்ன என்று சொல்லணும். அதுக்கு அல் ஐனையே உதாரணமா எடுத்துக்கறேன். அங்கே பாலைவனத்துக்கு நடுவில் பேரீச்சந்தோப்புகள் இருக்கு, 2011ல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமா அறிவிச்ச இடங்களில் அதுவும் சேர்த்தி. மலையடியிலிருந்து நிலத்தடிக் கால்வாயில் தண்ணி வரும், ஃபலஜ் என்று பேர். ஹிலியில் கிடைச்ச ஒரு ஃபலஜ் ஏறக்குறைய 3,000 வருஷம் பழசு. அந்தத் தண்ணியை நேரக் கணக்கில் பங்கு பிரிப்பாங்க: உன் தோப்புக்கு இவ்வளவு நேரம், அடைச்சிட்டு அடுத்த தோப்புக்கு இவ்வளவு நேரம். நம்ம ஊர் ஏரிப் பாசனத்தில் முறை வைக்கிறது மாதிரிதான். அங்கே மடையைத் திறக்க, அடைக்க நீர்க்கட்டி இருப்பார். பல ஊர்களில் அந்த நீர்க்கட்டி தலித்தா இருப்பார், அவருக்கென்று பாயுற நிலம் இருக்காது. அது இன்னொரு நாள் பேச வேண்டிய கதை.

தண்ணியை முறை வெச்சுத்தான் ஆகணும். ஒரு குடம் தண்ணியை இரண்டு குடமாக்க முடியாது. ஆனா ஒரு குரலை ஆக்கலாம். நர்ஸ் அக்கா பேசுறதை 16 டிவிக்குத் தனித்தனியா 16 முறை அனுப்புறது யூனிகாஸ்ட். ஒரே ஒருமுறை அனுப்பி, வழி பிரியுற இடத்தில் மட்டும் நெட்வொர்க்கே நகல் எடுத்துக் கொடுக்கிறது மல்ட்டிகாஸ்ட். ஒரு டிவிக்கு நொடிக்கு 4 மெகாபிட்னா யூனிகாஸ்டில் 64 ஆகும், மல்ட்டிகாஸ்டில் எத்தனை டிவி இருந்தாலும் எந்த ஒரு கேபிளிலும் 4தான். அந்தப் பழைய கம்ப்யூட்டருக்கும், பிளாக்குகளுக்கு நடுவில் இருந்த 100 மெகாபிட் இணைப்புக்கும் இது பெரிய விஷயம்.

(கூட்டத்தில் ஒரு தோழர் கேட்டார்: பென்டிரைவில் போட்டுக் கொடுத்திருக்கலாமே? கொடுத்திருக்கலாம். ஆனா நர்ஸ் அக்கா கேள்விக்குப் பதில் சொன்னார். பென்டிரைவ்கிட்ட கேள்வி கேட்க முடியாது.)

இதில் ஒரு நிபந்தனை உண்டு. கேட்கிறவர் "எனக்கு வேணும்" என்று சொன்னால்தான் வரும். 224லிருந்து 239 வரை தொடங்குற முகவரிகள் எந்த ஒரு கம்ப்யூட்டருக்கும் சொந்தமில்லை, அது ஒரு குழுவோட பேர். டிவி பெட்டி "நான் இந்தக் குழுவில் சேர்றேன்" என்று ஐஜிஎம்பி என்ற முறையில் ஒரு சின்னச் செய்தி அனுப்பும். அனுப்புறவருக்கு யார் சேர்ந்திருக்காங்க, எத்தனை பேர் என்று தெரியவே தெரியாது. போய்ச் சேரலைன்னாலும் தெரியாது. எந்தப் பிழைச் செய்தியும் திரும்பி வராது. ஏ பிளாக் மெஸ்ஸில் இருந்த கம்ப்யூட்டர் திரையில் அன்னைக்கு எல்லாம் சரியாத்தான் ஓடியிருக்கு.

நெட்வொர்க் போட்ட கான்ட்ராக்டருக்கு சூப்பர்வைசர் போன் பண்ணினார். அவர் அங்கிருந்தே பார்த்துட்டு, "பிங் வருதே, பி பிளாக் நல்லாத்தான் இருக்கு" என்றார். பிங் வந்தது உண்மை. இன்டர்நெட்டும் வந்தது. ஒருத்தருக்கு ஒருத்தர் போற பாதை திறந்திருக்கிறது வேற, ஒருத்தர் பேசுறது பலருக்குப் போற பாதை திறந்திருக்கிறது வேற. இரண்டாவது பாதையை யாராவது தனியாத் திறந்துவிடணும்.

ஏற்கெனவே ஒருமுறை அவர் ஆள் நேரில் வந்து பி பிளாக் சுவிட்ச்சிலேயே ஒரு லேப்டாப்பை மாட்டி ஓட்டிக் காட்டியிருக்கார். படம் வந்திருக்கு. இரண்டு நிமிஷம் பார்த்துட்டு கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டார். நானும் அதையே செஞ்சு பார்த்தேன், ஆனா உட்கார்ந்து பார்த்தேன். நாலு நிமிஷம் சொச்சத்தில் படம் நின்னுபோச்சு. மறுபடி போட்டேன், மறுபடியும் அதே நேரத்தில் நின்னுது.

இந்த நாலு நிமிஷம்தான் முதல் துப்பு. பி பிளாக்கில் இருந்தது புது சுவிட்ச். யார் "எனக்கு வேணும்" என்று சொல்றாங்க என்பதை ஒட்டுக் கேட்டு, கேட்டவங்களுக்கு மட்டும் அனுப்பும். இதுக்குப் பேரே ஸ்னூப்பிங். ஆனா ஒருமுறை கேட்டால் போதாது. யாராவது ஒருத்தர், வழக்கமா ரவுட்டர், 125 நொடிக்கு ஒருமுறை "இன்னும் வேணுமா?" என்று விசாரிக்கணும், டிவி "வேணும்" என்று பதில் சொல்லணும். விசாரிக்க ஆளே இல்லைன்னா டிவியும் சும்மா இருக்கும், சுவிட்ச் 260 நொடி பொறுத்துப் பார்த்துட்டு "இவங்களுக்கு வேண்டாம் போல" என்று பட்டியலிலிருந்து தூக்கிடும். பி பிளாக்கில் விசாரிக்க யாரும் இல்லை.

ஏ பிளாக்கில் மட்டும் எப்படி ஓடிச்சு? அங்கே இருந்தது பழைய, மலிவான சுவிட்ச். அதுக்கு ஒட்டுக் கேட்கவே தெரியாது. வந்ததை எல்லா வாசலிலும் கொட்டிடும். ஏ பிளாக்கில் படம் வந்தது யாரோ சரியா அமைச்சதால் இல்லை. தற்செயல்.

அடுத்து வயர்ஷார்க்கைத் திறந்து ஏ பிளாக் கேபிளில் ஓடுற பாக்கெட்டைப் பார்த்தேன். ஒவ்வொரு பாக்கெட்டிலும் டிடிஎல் என்று ஒரு எண் இருக்கும், எத்தனை ரவுட்டரைத் தாண்டலாம் என்பதுக்கு. ஒவ்வொரு ரவுட்டரும் ஒன்றைக் கழிக்கும், பூஜ்யமானால் போட்டுடும். அங்கே இருந்த எண் 1. முதல் ரவுட்டர் வாசலிலேயே செத்துடும். இது யாரோட சதியும் இல்லை. மல்ட்டிகாஸ்டுக்கு அடிப்படை விதி எழுதின ஸ்டீவ் டீரிங், 1989ல் வந்த அந்த ஆவணத்திலேயே, வேற ஏதும் சொல்லலைன்னா 1 என்றுதான் வெச்சிருக்கார். உன் குரல் உன் வீட்டைத் தாண்டணும்னா நீ அதைச் சொல்லியாகணும். அனுப்புற மென்பொருளில் எண்ணை 8 ஆக்கினேன். பி பிளாக் இன்னும் கறுப்பு.

நடுவில் இருந்த ரவுட்டரைப் பார்க்கணும். பாஸ்வேர்ட் கான்ட்ராக்டர்கிட்ட இருந்தது. கேட்டு வாங்கப் போனதில் இரண்டு நாள் போச்சு, அதைப் பத்திச் சொல்ல ஒன்றும் இல்லை. கடைசியில் ஒரு இளம் டெக்னீஷியனை அனுப்பினாங்க, நேபாளத் தோழர். நான் தெரிந்த ஹிந்தியில் சொல்லச் சொல்ல அவர் தட்டினார். எதிர்பார்த்தது மாதிரியே மல்ட்டிகாஸ்ட் ரவுட்டிங் அணைச்சிருந்தது. பெரும்பாலான ரவுட்டரில் வாங்கும்போதே அப்படித்தான் இருக்கும். அதைப் போட்டு, இரண்டு பக்கத்திலும் பிம் என்ற வழிகாட்டும் முறையை இயக்கினோம். ரவுட்டர் ஒன்றே ஒன்றுதான் என்பதால், அனுப்புறவரும் கேட்கிறவங்களும் சந்திக்கிற புள்ளியா அதையே வெச்சோம். பிம் ஓட ஆரம்பிச்சதும் ரவுட்டரே இரண்டு பக்கமும் "வேணுமா?" என்று விசாரிக்கத் தொடங்கிடுச்சு. பட்டியலைத் திறந்தால் பி பிளாக்கோட எட்டு டிவியும் அதில் இருக்கு. நாங்க இரண்டு பேரும் கை குலுக்கிக்கிட்டோம். அங்கே போய்ப் பார்த்தா, கறுப்பு.

இனி மூணாவது கோளாறு. எனக்கு ரொம்ப நேரம் பிடிச்சது இதுதான்.

சாதாரண ரவுட்டிங்கில் ரவுட்டர் "நீ எங்கே போகணும்?" என்று மட்டும் கேட்கும். மல்ட்டிகாஸ்டில் அது "நீ எங்கேர்ந்து வர்றே?" என்று கேட்கும். (நம்மளைப் பார்த்து எல்லாரும் கேட்கிற கேள்வி. உண்மையில் எங்கேர்ந்து?) பாக்கெட்டில் எழுதியிருக்கிற அனுப்புநர் முகவரியைப் பார்த்து, அந்த முகவரிக்கு நான் ஒரு பாக்கெட் அனுப்பினால் எந்த வாசல் வழியா அனுப்புவேன் என்று கணக்குப் போடும். வந்த வாசலும் அந்த வாசலும் ஒன்றா இருந்தால் உள்ளே விடும். இல்லைன்னா சத்தமில்லாமல் போட்டுடும். ஆர்பிஎஃப் சோதனை என்பாங்க. நகல்கள் சுத்திச் சுத்தி வந்து நெட்வொர்க்கை மூழ்கடிக்காமல் இருக்க இது தேவை, அதை நான் குறை சொல்லலை.

ரவுட்டரில் இந்தச் சோதனையில் தோத்த பாக்கெட் எண்ணிக்கை விறுவிறுன்னு ஏறிக்கிட்டிருந்தது. அனுப்புற கம்ப்யூட்டரோட முகவரியைப் பார்த்தோம். ஏ பிளாக் முகவரியே இல்லை. அந்தக் கம்ப்யூட்டர் முன்னே கம்பெனி ஆபீஸில் இருந்தது, பழசானதும் கேம்புக்குத் தள்ளிவிட்டாங்க. ஆபீஸில் கொடுத்த நிரந்தர முகவரியை யாரும் மாத்தலை. ஆள் இங்கே இருக்கார், காகிதத்தில் இன்னும் அங்கே இருக்கார். ஏ பிளாக்குக்குள்ளே இது யாருக்கும் உறுத்தலை, குழு முகவரிக்குப் போற பாக்கெட்டில் அனுப்புநர் யாருன்னு அந்தப் பழைய சுவிட்ச் பார்க்காது. எல்லையில்தான் காகிதத்தைப் பார்ப்பாங்க. "இந்த முகவரி ஆபீஸ் பக்கம் இருக்கணும், ஏ பிளாக் வாசலில் என்ன வேலை?" என்று ரவுட்டர் ஒவ்வொரு பாக்கெட்டையும் திருப்பியிருக்கு.

முகவரியை மாத்தினோம். பி பிளாக் மூணாவது மாடியிலிருந்து அப்பா போன் பண்ணி, "வந்துடுச்சுடா" என்றார். பத்து நிமிஷம் நின்னு பார்க்கச் சொன்னேன். அவர் அரைமணி நேரம் பார்த்தார்.

இங்கே கொஞ்சம் மும்பைக்குப் போயிட்டு வரணும். யூனிகாஸ்ட், மல்ட்டிகாஸ்ட் வித்தியாசம் கேம்ப் பிரச்சினை மட்டும் இல்லை. தேசியப் பங்குச் சந்தை 2010லிருந்து தன் கட்டிடத்துக்குள்ளேயே தரகர்களோட கம்ப்யூட்டருக்கு இடம் கொடுத்தது. விலைத் தகவலை அங்கே ஒவ்வொருத்தருக்கா, இணைஞ்ச வரிசைப்படி அனுப்பினாங்க. யூனிகாஸ்ட். காலையில் முதலில் இணைஞ்சவருக்கு முதலில் கிடைக்கும். வித்தியாசம் நொடியில் ஒரு துளி, ஆனா அந்தத் துளியில் காசு இருக்கு. ஒருத்தர் மொட்டைக் கடிதம் போட, பல வருஷம் விசாரணை நடந்து, 2019 ஏப்ரலில் செபி, சந்தை நிர்வாகம் போதுமான கவனத்தோட இந்த அமைப்பைப் போடலை என்று சொல்லி 624.89 கோடி ரூபாயைக் கட்டச் சொன்னது. 2023ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்தத் தொகையை ரத்து செஞ்சு 100 கோடி கட்டச் சொன்னது. விசாரணை நடக்கிறதுக்கு முன்னாடியே சந்தை மல்ட்டிகாஸ்டுக்கு மாறியிருந்தது: எல்லாருக்கும் ஒரே நேரத்தில், ஒரே பிரதி. தரகர்களுக்கு ஒரு நொடித் துளி தாமதமானால் விசாரணைக் கமிட்டி. பி பிளாக்குக்கு ஒண்ணுமே போகலைன்னா "பிங் வருதே."

(இரண்டாவது கேள்வி: இவ்வளவு நல்ல விஷயம்னா நம்ம நேரலைக்கு ஏன் இதைப் பயன்படுத்தலை?)

முயற்சி பண்ணினாங்க. 1992 மார்ச்சில் இணையப் பொறியாளர்களோட சான் டியாகோ கூட்டத்தை மூணு கண்டத்தில் 20 இடங்களுக்கு ஒலிபரப்பினாங்க. எம்போன் என்று பேர். ஆய்வாளர்கள் பல்கலைக்கழகங்களுக்கு நடுவில் தாங்களே சுரங்கம் தோண்டின மாதிரி இணைச்சுக்கிட்டது. யார் வேணாலும் பேசலாம், யார் வேணாலும் கேட்கலாம். அது பொது இணையத்துக்கு வரவே இல்லை. தொழில்நுட்பக் காரணங்கள் நிஜமாவே உண்டு: ஒவ்வொரு குழுவையும் வழியிலிருக்கிற ஒவ்வொரு ரவுட்டரும் ஞாபகம் வெச்சிருக்கணும், யார் வேணாலும் குழுவுக்குள் குப்பையைக் கொட்டலாம். 2020ல் வந்த ஒரு பரிந்துரை, யாரும் பேசலாம் என்ற அந்தப் பழைய வகையை நெட்வொர்க்குகளுக்கு நடுவில் விட்டுடச் சொல்லிடுச்சு. ஆனா என் கணிப்பில் இன்னொரு காரணமும் இருக்கு. நகல் என் ரவுட்டரில் எடுக்கப்பட்டால் நான் யார்கிட்ட பில் போடுறது? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாததால் கம்பெனிகள் கதவைத் திறக்கலை. தன் சொந்த எல்லைக்குள், சந்தா டிவிக்கும் பங்குச் சந்தைக்கும் மட்டும் அதே மல்ட்டிகாஸ்டை நல்லாவே ஓட்டுறாங்க. நம்ம கூட்டம் ஒவ்வொருத்தருக்கும் ஒரு பிரதியா, யாரோ ஒரு பெரிய கம்பெனியோட சர்வரிலிருந்து வருது. அவங்க நினைச்சா நிறுத்தலாம். நிறுத்தினா நமக்குச் செய்தி வருமா என்பதும் அவங்க இஷ்டம்.

நர்ஸ் அக்கா இரண்டாவது முறை வந்து பேசினார். பி பிளாக்கிலிருந்து கேள்விகளைச் சீட்டில் எழுதி ஒரு தம்பி ஓடி ஓடிக் கொண்டுவந்தான். சிறுநீர் நிறம் பத்தி மூணு கேள்வி, சர்க்கரை மாத்திரை போடுறவங்க வெயிலில் நிற்கலாமா என்று ஒன்று. "12.30 ஆச்சுன்னு ஃபோர்மேன்கிட்ட யார் போய்ச் சொல்றது?" என்றும் ஒரு சீட்டு. அதை அக்கா சத்தமாப் படிச்சார், பதில் சொல்லலை. மெஸ்ஸில் கொஞ்ச நேரம் யாரும் பேசலை. அதுக்கப்புறம் அந்தக் கேள்வியைப் பத்தி என்ன பேசிக்கிட்டாங்க என்பதை நான் இங்கே எழுதப் போறதில்லை.

நான் திரும்பி வந்து மூணு வாரம் கழிச்சு அப்பா போன் பண்ணினார். கேம்பில் கரன்ட் போய் வந்திருக்கு, பி பிளாக் மறுபடி கறுப்பு. அது என் தப்பு. ரவுட்டரில் எல்லாத்தையும் மாத்தினோமே ஒழிய, மாத்தினதைச் சேமிக்கச் சொல்லி நான் சொல்லவே இல்லை, கை குலுக்கிற அவசரத்தில் மறந்துட்டேன். கரன்ட் போனதும் பழைய நிலைமைக்குத் திரும்பிடுச்சு. மறுபடி பாஸ்வேர்ட், மறுபடி அந்த நேபாளத் தோழர்.

"எப்படிப்பா தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"அஞ்சு நிமிஷத்துல பி பிளாக்லேர்ந்து நாலு பேர் வந்துட்டாங்கடா, எங்க படம் எங்கேன்னு."